ஸ்டாலின்கிராட் என்று எழுதிய மாணவிக்கு ஏன் மதிப்பெண் இல்லை?

வரலாற்றுப் பாடநூலைத் தயாரிக்கும் குழுவினருக்கும், அந்த நூலை வைத்து வினாத்தாளும் விடைக்குறிப்பும் எழுதுபவர்களுக்கும்,

இந்த ஆண்டுத் திருப்புதல் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா ஒன்று. இரண்டாம் உலகப் போரின் போக்கை மாற்றிய போர் எது? டன்கிர்க், ஸ்டாலின்கிராட், நார்மண்டி, பெர்லின் என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தீர்கள். பத்தாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு மாணவி ஸ்டாலின்கிராட் என்று எழுதினாள். நீங்கள் அனுப்பிய விடைக்குறிப்பில் நார்மண்டி என்று இருந்தது. அவளுக்கு மதிப்பெண் இல்லை. விடைத்தாள் திருத்தும் இடத்தில் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். குறிப்பில் உள்ளபடி திருத்துங்கள், விவாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு மதிப்பெண் போனதற்காக மட்டும் இந்த மடலை எழுதவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மாணவி கேட்ட கேள்விதான் எழுத வைத்தது. "1941-இல் ஜெர்மனியும் ஜப்பானும் எல்லா இடத்திலும் ஜெயிச்சுக்கிட்டு இருந்தாங்க. புத்தகத்துல அடுத்த பத்தியிலேயே 1944 வந்துடுது, அவங்க தோத்துக்கிட்டு இருக்காங்க. நடுவுல என்னதான் நடந்துச்சு?"

நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் இந்தப் பதிப்பில் வெட்டியிருக்கிறீர்கள். பாடச்சுமையைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு மறுப்பு இல்லை. பிள்ளைகளின் புத்தகப் பையைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். ஆனால் எதைக் குறைத்தீர்கள்? ஹிட்லரின் இளமைக்காலம் பற்றிய பெட்டிச் செய்தி அப்படியே இருக்கிறது. நேச நாடுகள், அச்சு நாடுகள் என்ற பட்டியல் இருக்கிறது. முந்தைய பதிப்பில் இருந்த வரைபடம் போய்விட்டது. சோவியத் போர்முனை ஒரே வாக்கியமாகிவிட்டது. பர்மாவும் இம்பாலும் கோஹிமாவும் முழுதாகவே காணோம். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுகிறது, பிறகு பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் படை இறங்குகிறது, பிறகு ஹிரோஷிமா. போர் முடிந்தது. இப்படிப் படிக்கிற பிள்ளை, அமெரிக்கா வந்தது, ஜெயித்தது என்றுதானே புரிந்துகொள்ளும்?

அந்த இரண்டரை ஆண்டுகளில் நடந்ததில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன். உங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் ஏன் விட்டீர்கள் என்பதே என் ஆதங்கம்.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி முப்பது லட்சத்துக்கும் அதிகமான படையினருடன் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மாஸ்கோவின் வாசல் வரை வந்துவிட்டது. டிசம்பர் 5 அன்று சோவியத் படை திருப்பித் தாக்கியது. அடுத்த சில வாரங்களில் ஜெர்மானியர்களை நூறு கிலோமீட்டருக்கும் மேல் பின்னுக்குத் தள்ளியது. போலந்து, நார்வே, பிரான்ஸ், கிரீஸ் என்று வரிசையாக வீழ்த்திக்கொண்டு வந்த ராணுவம் நிலத்தில் இப்படிப் பின்வாங்கியது அதுவே முதல் முறை. சரியாக இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 7 அன்று, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. ஹிட்லரின் மின்னல் வேகப் போர் மாஸ்கோவில் முறிந்த அதே வாரத்தில்தான் அமெரிக்கா போருக்குள் வந்தது. இந்த இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். உங்கள் புத்தகத்தில் ஒரு தேதிதான் இருக்கிறது.

இனி அந்த மாணவி எழுதிய ஸ்டாலின்கிராட். 1942 கோடையில் ஹிட்லருக்கு வேண்டியிருந்தது காகசஸ் எண்ணெய். பாகூ, குரோஸ்னி எண்ணெய்க் கிணறுகள் கைக்கு வந்தால் ஜெர்மன் டாங்குகள் ஓடும், சோவியத் டாங்குகள் நிற்கும். அந்த முயற்சியின் ஒரு கிளைதான் வோல்கா ஆற்றங்கரையில் இருந்த ஸ்டாலின்கிராட் நகரத்தை நோக்கிப் போனது. ஆகஸ்ட் 23 அன்று விமானங்கள் நகரத்தைக் குண்டுவீசித் தகர்த்தன. செப்டம்பரில் இருந்து சண்டை தெருவுக்குத் தெரு, மாடிக்கு மாடி, சில இடங்களில் அறைக்கு அறை என்று நடந்தது. ரயில் நிலையம் கை மாறிக்கொண்டே இருந்தது. டிராக்டர் தொழிற்சாலைக்குள்ளேயே போர் நடந்தது. சோவியத் தளபதி சுய்கோவ் தன் வீரர்களை எதிரியை ஒட்டியே நிறுத்தி வைத்தார். அவ்வளவு நெருக்கமாக இருந்தால் ஜெர்மன் விமானம் குண்டு போட முடியாது, போட்டால் அவர்கள் ஆட்களும் சாவார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 19 அன்று சோவியத் படை பெரும் எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. நகரத்துக்குள் இல்லை, அதற்கு வெகு தூரம் தள்ளி, இரு பக்கவாட்டிலும். அங்கே காவல் இருந்தவை போதிய ஆயுதமில்லாத ருமேனியப் படைகள். நான்கு நாளில் வடக்கிலிருந்து வந்த படையும் தெற்கிலிருந்து வந்த படையும் கலாச் என்ற ஊருக்கு அருகில் சந்தித்தன. உள்ளே இருந்த ஜெர்மனியின் ஆறாவது படை சிக்கிக்கொண்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். விமானத்தில் உணவும் தளவாடமும் கொண்டு போய் இறக்குகிறேன் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் உறுதி கொடுத்தார். தேவையில் ஒரு பங்குதான் போய்ச் சேர்ந்தது. முற்றுகையை உடைத்து வெளியேற ஹிட்லர் அனுமதிக்கவில்லை. 1943 பிப்ரவரி 2 அன்று கடைசிப் பிரிவும் சரணடைந்தபோது பிடிபட்டவர்கள் ஏறத்தாழ 91,000 பேர். அவர்களில் பின்னாளில் ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. ஜெர்மனியில் மூன்று நாள் துக்கம் அறிவித்தார்கள். தங்கள் நாடு தோற்கக்கூடும் என்று சாதாரண ஜெர்மன் குடும்பங்களுக்கு உறைத்த நாட்கள் அவை.

அதே 1943 ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க் நகரப் பகுதியில் அடுத்த பெரும் போர். உளவுத் தகவல் முன்கூட்டியே கிடைத்ததால் சோவியத் படை வரிசை வரிசையாகப் பதுங்குகுழி வெட்டி, கண்ணிவெடி புதைத்துக் காத்திருந்தது. உலகம் கண்ட மிகப் பெரிய டாங்கிப் போர்களில் ஒன்று அங்கே நடந்தது. அதற்குப் பிறகு கிழக்கில் ஜெர்மனியால் பெரிய அளவில் முன்னேறித் தாக்க முடியவே இல்லை. பெர்லின் வரைக்கும் பின்வாங்கல்தான்.

இதைச் சொன்னால் நார்மண்டியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாராவது நினைக்கலாம். இல்லவே இல்லை. 1944 ஜூன் 6 அன்று ஒரே நாளில் ஒன்றரை லட்சம் பேரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இறக்கியது மாபெரும் காரியம். அந்தக் கடற்கரையில் செத்து விழுந்த இளைஞர்களுக்கு உரிய மரியாதையை எந்த வகுப்பிலும் நான் குறைத்ததில்லை. ஆனால் அந்தப் படை இறங்கியபோது ஜெர்மன் ராணுவத்தின் பெரும்பகுதி எங்கே மாட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லாமல் நார்மண்டியை எப்படிப் புரியவைப்பது? அந்தப் படையையும் அதற்கான தளவாடத்தையும் அட்லாண்டிக் கடலைக் கடந்து பிரிட்டனுக்குக் கொண்டுவர முடிந்ததே, அதற்கு 1943 மே மாதம் காரணம். அந்த ஒரே மாதத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் அழிந்தன. ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கில் இருந்து தன் நீர்மூழ்கிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நார்மண்டிக்கு இரண்டு வாரம் கழித்து, ஜூன் 22-ஐ ஒட்டி, சோவியத் படை பெலாரஸில் தொடங்கிய 'பக்ரத்தியோன்' தாக்குதலில் ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியே சிதைந்து போனது. ஜூலை 17 அன்று 57,000 ஜெர்மன் கைதிகளை மாஸ்கோ தெருக்களில் நடத்திக்கொண்டு போனார்கள். மேற்கிலும் கிழக்கிலும் ஒரே நேரத்தில் இடி விழுந்ததால்தான் ஹிட்லரால் எங்கும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சோவியத் படை அவ்வளவு வேகமாக நகர்ந்ததற்கு அமெரிக்கா அனுப்பிய லட்சக்கணக்கான லாரிகளும் ஒரு காரணம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும்.

அந்தப் போரில் சோவியத் மக்கள் 2.7 கோடிப் பேர் இறந்தார்கள். லெனின்கிராட் முற்றுகை ஒன்றில் மட்டும் லட்சக்கணக்கான பொதுமக்கள் பசியில் செத்தார்கள். உங்கள் புத்தகத்தில் இவர்களுக்கு ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தோடு நிற்காமல், எங்கோ தேடிப் படித்து, சரியாக எழுதிய மாணவிக்குச் சுழியம். இது சரியா, சொல்லுங்கள்.

ஐரோப்பாவில் நடந்ததாவது ஒரு வாக்கியமாக மிஞ்சியிருக்கிறது. ஆசியாவில் நடந்தது அதுவும் இல்லை. எனக்கு இங்கேதான் அதிகம் வலிக்கிறது. ஏனென்றால் நான் பாடம் நடத்துவது சிவகங்கைப் பக்கம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போகாத குடும்பம் எங்கள் ஊர்களில் குறைவு. வகுப்பில் 'ரங்கூன்' என்று சொன்னால் எங்க பாட்டி அங்கதான் சார் பிறந்தாங்க என்று ஏதாவது ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் புத்தகத்தில் இடமில்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. எண்பதாயிரம் பேர் கொண்ட படை ஜப்பானிடம் சரணடைந்தது. அவர்களில் பாதிக்கு மேல் இந்திய வீரர்கள். மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவில் இருந்து காட்டு வழியாக அஸ்ஸாமுக்கு நடந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்படி நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் ஊரில் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்த வாரங்களில் மெட்ராஸில் அரசு அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். ஜனங்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். இவ்வளவும் நம் வாசலில் நடந்தது.

அப்புறம் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் ஒரு கோடு போட்டுக் காட்டுவேன். கொழும்பைத் தாக்கிய கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் உண்டு. இரண்டே மாதத்தில், 1942 ஜூன் 4 அன்று, பசிபிக் கடலில் மிட்வே தீவுக்கு அருகில் இந்த மூன்றும் அழிந்தன. நான்காவதாகக் காகா. அமெரிக்கர்கள் ஜப்பானின் ரகசியக் குறியீட்டை உடைத்திருந்தார்கள். எந்தத் தீவுக்கு வரப் போகிறார்கள் என்று உறுதி செய்ய, மிட்வேயில் குடிநீர் இயந்திரம் பழுது என்று வேண்டுமென்றே சாதாரணச் செய்தியாக அனுப்பினார்கள். ஜப்பான் அந்தத் தகவலைத் தன் குறியீட்டில் திருப்பிச் சொன்னது, சந்தேகம் தீர்ந்தது. காலை பத்தரை மணிக்குச் சற்று முன்னால், சில நிமிடங்களுக்குள் ஹிர்யு தவிர மற்ற மூன்று கப்பல்களும் பற்றி எரிந்தன. உள்ளே எண்ணெய் நிரப்பிய விமானங்களும் குண்டுகளும் இருந்ததால் தீயை அடக்க முடியவில்லை. ஹிர்யுவின் முறை மாலையில் வந்தது. அதோடு கடலில் ஜப்பானின் கை ஓங்கியிருந்த காலம் முடிந்தது. கொழும்புக்கும் விசாகப்பட்டினத்துக்கும் மறுபடி அப்படியொரு கப்பற்படை வராமல் போனதற்கு மிட்வேயும் காரணம். இதை எந்தப் பிள்ளைக்குச் சொன்னாலும் மறக்காது.

மிட்வேயோடு கோடு நிற்கவில்லை. கடல் வழி பாதுகாப்பற்றுப் போனதால் பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குத் தரை வழியாகச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காகப் போட்டதுதான் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையிலான 415 கிலோமீட்டர் ரயில் பாதை. நம் பெரியவர்கள் சயாம் மரண ரயில் என்று சொல்வது இதைத்தான். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் ஆசியக் கூலிகள். மலாயாத் தோட்டங்களில் இருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டு போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். தொண்ணூறாயிரம் ஆசியத் தொழிலாளர்கள் இறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. காலராவில் செத்தவர்களை மொத்தமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். பெயர்ப் பட்டியல் இல்லை. என் வகுப்பில் ஒரு பையனின் கொள்ளுத்தாத்தா மலாயாவில் இருந்து சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. எந்த மாதம் இறந்தார், எங்கே இறந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்கும் சேர்த்துப் படைக்கிறார்கள். மிட்வே என்ற பெயருக்கும் தன் வீட்டுப் படையலுக்கும் தொடர்பு உண்டு என்று அவனுக்குச் சொல்ல வேண்டியது வரலாற்றுப் புத்தகத்தின் வேலை இல்லையா?

அந்தப் பாதையில் போன சரக்கை நம்பி 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முத்தகுச்சி இந்தியாவுக்குள் படையை நடத்தினார். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர்கள், கூடவே இந்திய தேசிய ராணுவம். மூன்று வாரத்துக்கான உணவுதான் கையில். இம்பாலில் இருக்கும் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். கிடங்குகள் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் படை இம்பால் சமவெளிக்குள் பின்வாங்கி நின்று போராடியது. பர்மாவின் அராக்கான் பகுதியில் இருந்த ஐந்தாவது இந்தியப் படைப்பிரிவை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கோஹிமாவில் ஏப்ரல் முதல் வாரத்தில் இருந்து இரண்டு வாரம் ஒரு சிறு காவல்படை, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஜப்பானியப் படைப்பிரிவைத் தடுத்து நின்றது. அஸ்ஸாம் ரெஜிமென்ட் வீரர்கள் அதில் உண்டு. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு ஒரு பக்கம் இவர்கள், மறு பக்கம் அவர்கள். நடுவில் வெறும் சில கஜம். ஜூன் 22 அன்று கோஹிமா - இம்பால் சாலை திறந்தது. மழையிலும் பசியிலும் நோயிலும் ஜப்பானியப் படை திரும்பி நடந்தது. ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் இறந்தார்கள். பசியில் விழுந்தவர்களே மிகுதி. அதுவரைக்கும் ஜப்பானிய ராணுவம் நிலத்தில் அப்படியொரு தோல்வியைக் கண்டதில்லை. 2013-இல் பிரிட்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டனின் மிகப் பெரிய போர் என்று தேர்வானது இம்பால் - கோஹிமா. வாட்டர்லூவும் நார்மண்டியும் அதற்குப் பிறகுதான். லண்டனில் இருப்பவர்கள் நம் மண்ணில் நடந்த போரை முதலிடத்தில் வைக்கிறார்கள். நீங்கள் நம் பிள்ளைகளின் புத்தகத்தில் இருந்து அதை எடுத்துவிட்டீர்கள்.

அந்தப் போரில் இந்தியர்கள் இரு பக்கமும் இருந்தார்கள் என்பது சங்கடமான விஷயம் என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கலாம். 1944 ஏப்ரல் 14 அன்று மணிப்பூரின் மொய்ராங்கில் கொடி ஏற்றிய இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டத் தமிழர்களும் இருந்தார்கள். எதிரில் நின்ற, ஸ்லிம் தலைமையிலான பிரிட்டிஷ் பதினான்காவது படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். சண்டை நடந்த ஊர்கள் நாகர்களுடையவை, மணிப்பூர்க்காரர்களுடையவை. அவர்கள் வழிகாட்டினார்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள், வீடு வாசலை இழந்தார்கள். இந்தச் சங்கடத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையால் தாங்க முடியாது என்று நினைக்க வேண்டாம். என் வகுப்பில் இதைப் பேசியிருக்கிறேன். யார் சரி என்று சண்டை போட்டார்கள். வீட்டில் போய்ப் பெரியவர்களைக் கேட்டு வந்தார்கள். அடுத்த வகுப்பிலும் அதையே பேச வேண்டும் என்றார்கள். வரலாறு வகுப்பில் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இருபத்தைந்து லட்சம் இந்தியர்கள் அந்தப் போரில் ராணுவத்தில் இருந்தார்கள். வட ஆப்பிரிக்காவில் நான்காவது இந்தியப் படைப்பிரிவு இருந்தது. இத்தாலியில் நம் ஆட்கள் மலை ஏறினார்கள். அங்கே 1944-இல் கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்ரமணியன். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவர். அவர் பெயரை என் மாணவர்கள் எந்தப் பாடப் பக்கத்திலும் பார்த்ததில்லை. பர்மா விழுந்ததால் அங்கிருந்து வரும் அரிசி நின்றது. ஜப்பான் கைக்குப் போய்விடக் கூடாது என்று வங்காளக் கரையோரத்தில் பிரிட்டிஷ் அரசு படகுகளைப் பறித்தது, நெல்லை அகற்றியது. 1943-இல் வங்காளத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் இறந்தார்கள். இந்தப் பஞ்சம் உங்கள் புத்தகத்தில் வேறொரு பாடத்தில், போருக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தனியாகக் கிடக்கிறது.

ஆசிரியர்கள் கூட்டத்தில் இதையெல்லாம் எழுப்பியபோது வந்த பதில்களுக்கும் இங்கே மறுமொழி சொல்லிவிடுகிறேன். பக்கம் போதாது என்றார்கள். நான் கூடுதல் பக்கம் கேட்கவில்லை. 1942 இறுதியில் அச்சு நாடுகள் பிடித்திருந்த நிலப்பரப்பைக் காட்டும் ஒரு வரைபடம், அதில் மாஸ்கோ, ஸ்டாலின்கிராட், எகிப்தின் எல் அலமைன், மிட்வே, பசிபிக் தீவான குவாடல்கனால், இம்பால் என்று ஆறு புள்ளி. அரைப் பக்கம்கூட ஆகாது. நான் இப்போது சுண்ணக்கட்டியால் வகுப்பறைத் தரையில் வரைந்துதான் நடத்துகிறேன். பெயர்கள் கடினம், மனப்பாடம் செய்ய முடியாது என்றார்கள். காரணம் தெரிந்தால் பெயர் தானாக நிற்கும். எண்ணெய் வேண்டும் என்பதால் ஸ்டாலின்கிராட், சோறு வேண்டும் என்பதால் இம்பால். இதில் மனப்பாடம் எங்கே இருக்கிறது? தேர்வில் வராததை நடத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றும் ஒருவர் சொன்னார். தேர்வை எழுதுவது நீங்கள்தானே? நீங்கள் கேட்டால் வரும்.

திருப்புமுனை எது என்ற கேள்விக்கு அறிஞர்களிடையே ஒரே விடை கிடையாது. சிலர் மாஸ்கோ என்பார்கள். சிலர் ஸ்டாலின்கிராட், சிலர் குர்ஸ்க். பசிபிக் பற்றிப் பேசுபவர் மிட்வே என்பார், குவாடல்கனால் என்பார். ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. இப்படிப்பட்ட கேள்வியை ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்டு, நான்கில் ஒன்றைச் சரி, மற்றதெல்லாம் தவறு என்று சொல்வது பாடத்துக்கே விரோதம். அதிலும் ஸ்டாலின்கிராட்டைத் தவறு என்று சொல்வதை எந்த வரலாற்று ஆசிரியராலும் ஏற்க முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

முதலில், அந்த வினாவுக்கு ஸ்டாலின்கிராட் என்று எழுதிய எல்லா மாணவர்களுக்கும் மதிப்பெண் கொடுங்கள். திருத்திய விடைக்குறிப்பை எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த ஆண்டு பழைய குறிப்பே திரும்ப வரும்.

அடுத்த அச்சில் வரைபடத்தை மீண்டும் சேருங்கள். ஐரோப்பா மட்டும் இருக்கும் வரைபடம் வேண்டாம். ரஷ்யாவின் வோல்காவும் பர்மாவின் இராவதியும் பசிபிக்கும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். 1941 டிசம்பருக்கும் 1944 ஜூனுக்கும் இடையில் நடந்ததற்கு இரண்டு பத்தியாவது ஒதுக்குங்கள். இடம் வேண்டும் என்றால் ஹிட்லரின் இளமைக்காலப் பெட்டிச் செய்தியை எடுத்துவிடுங்கள், எந்த ஆசிரியரும் வருந்த மாட்டார். பர்மா நடைப்பயணம், சயாம் ரயில் பாதை, இம்பால் - கோஹிமா, வங்காளப் பஞ்சம் நான்கையும் போர்ப் பாடத்துக்குள்ளேயே, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி எழுதுங்கள்.

போரின் திருப்புமுனை பற்றி இனி ஒரு மதிப்பெண் வினா கேட்க வேண்டாம். ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். எந்தப் போரைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கான காரணத்தைச் சரியாக எழுதினால் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பிலேயே சொல்லுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் வகுப்பில் நடத்துகிற ஆசிரியர்கள் சிலரையாவது, குறிப்பாகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் போன மாவட்டங்களில் பணிபுரிபவர்களை, கூப்பிட்டுக் கேளுங்கள். பயணப்படி எதுவும் வேண்டாம், சொந்தச் செலவில் வருகிறேன். நான் வகுப்பில் பயன்படுத்தும் வரைபடங்களையும் காலக்கோட்டையும் கொண்டு வந்து தருகிறேன்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்த மாணவியிடமும் அவள் பெற்றோரிடமும் காட்டுவதற்கு ஒரு நகலைப் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிவகங்கை மாவட்டத்தில் பணிபுரியும் ஒரு வரலாற்று ஆசிரியர்